ஆள் இருப்பது தெரியாத வண்டி

காரின் முன் சீட்டில் அரிசி மூட்டையை வைத்தால் அதற்கும் பெல்ட் போட வேண்டியிருக்கிறது. ஊரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்களுக்குப் பக்கத்தில் உள்ள இந்தியக் கடை என்பதே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. பொன்னி அரிசி, துவரம் பருப்பு, நல்லெண்ணெய் என்று வாங்கித் திரும்பும்போது பின்னால் இடம் போதாமல் மூட்டையை எனக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். கடைவாசலைத் தாண்டுவதற்குள் கார் கீச்சிடத் தொடங்கும். பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார், அவர் பெல்ட் போடவில்லை என்று அதற்குக் கவலை. முதல் தடவை பயந்துபோய் ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். இப்போது பழகிவிட்டது. மூட்டையின் வயிற்றைச் சுற்றிப் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு இரண்டு பேருமாக வீடு வந்து சேர்கிறோம்.

ஒஹாயோவுக்கு வந்த புதிதில் குளிரைவிட என்னை எரிச்சல்படுத்தியவை இந்த எச்சரிக்கைகள்தான். ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தால் கூப்பிடும். ரசத்துக்குத் தாளித்தால் கூரையிலிருக்கும் புகைமணி தெருவையே எழுப்பும். என் கொழுந்தன் ஆசீருக்கு இதெல்லாம் வேடிக்கை. அவன் ராஜபாளையத்தில், செட்டியார்பட்டி போகும் ரோட்டில், மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அவனுடைய காரில் சீட் பெல்ட்டின் கொக்கியை மட்டும் தனியாக வாங்கிச் செருகியிருப்பான். பெல்ட் அவன் முதுகுக்குப் பின்னால் கிடக்கும், கார் வாயை மூடிக்கொண்டு ஓடும். “அது பாட்டுக்குக் கத்திக்கிட்டே இருந்தா மனுசன் எப்படி மதினி வண்டி ஓட்டுறது?” என்பான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இப்போது இதை எழுதும்போது கை கூசுகிறது.

எங்கள் வீட்டைச் சுற்றி ஓர் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகப் புல் வளர்கிறது. அது முழங்காலைத் தொட்டால் ஊர் நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து கேட்பார்கள். தள்ளுகிற இயந்திரத்தால் இவ்வளவு புல்லை வெட்டி மாளாது. டிராக்டரின் குட்டி போல ஒன்று இருக்கிறது, அதில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ரைடிங் மோவர் என்பார்கள். அடிவயிற்றில் கத்தி சுழலும். பக்கத்து வீட்டு டேல் புதிதாக ஒன்று வாங்கியபோது தன் பழைய வண்டியை எங்களுக்குக் கொடுத்தார். டேல் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் வாசல் நிலையில் சற்றே பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார், அப்படி ஓர் உடம்பு. அவர் கொடுத்த வண்டி பழைய காலத்து கியர் வண்டி. கியரைப் போட்டு காலை எடுத்துவிட்டால் தானே போய்க்கொண்டிருக்கும், நாம் திருப்பினால் போதும்.

என் கணவர் சாமுவேலுக்கு அந்த வண்டி என்றால் உயிர். ராஜபாளையத்து மில் ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். இங்கே காற்று வடிகட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. வாரம் முழுக்க மூடிய கூரைக்குக் கீழே நின்றுவிட்டு, சனிக்கிழமை காலையில் தொப்பியை வைத்துக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்தால் மம்சாபுரம் மைனர் தோற்றான் போங்கள். வெட்டி முடித்து, வியர்வையோடு படியில் உட்கார்ந்து தன் அம்மாவை வீடியோவில் அழைப்பார். ராஜபாளையத்தில் அப்போது விளக்கு வைக்கும் நேரம். அத்தைக்கு முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “ஏய்யா, இம்புட்டு இளைச்சுப் போயிட்டியே, அவ சோறு போடுதாளா இல்லையா?”

இதை அவர் நாங்கள் விமானம் ஏறிய முதல் வாரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். சாமுவேலுக்குத் தொப்பை விழுந்து சட்டைப் பொத்தான் தெறித்த காலத்திலும் கேட்டார். தாய்க்குப் பிள்ளை எப்போதும் இளைத்தே இருப்பான் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். எனக்கு உள்ளுக்குள் கோபம்கூட உண்டு. மருமகளைக் குத்திக் காட்டுகிற கேள்வி அல்லவா அது.

வண்டி முதன்முதலாக நின்றது மே மாதத்தில். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின், கொல்லைப்புறம் தரை சரியும் இடத்தில் ஒரு குலுக்கலில் சட்டென்று அணைந்தது. இருமல் இல்லை, திணறல் இல்லை. பேசிக்கொண்டிருந்தவன் வாயைப் பொத்தியது போல நின்றது. சாவியைத் திருப்பினார், கிளம்பியது. பத்தடி போய் மறுபடியும் நின்றது. அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. அந்தச் சரிவின் கீழே ஒரு பட்டுப்போன மேப்பிள் மரம் நிற்கிறது. நான் ஜெபம் பண்ணித்தான் படுக்கிறவள், பேய் பிசாசை நம்புகிறவள் அல்ல. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்த மரத்துக்குப் பக்கத்திலேயே வண்டி நிற்பதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தபோது கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு ஒரு சங்கீதத்தை முணுமுணுத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் கேலி செய்வார்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். முதலில் பெட்ரோல். போன வருடத்துப் பெட்ரோல் கெட்டிருக்கலாம் என்று இறக்கிவிட்டுப் புதிது ஊற்றினார். பிறகு காற்று ஃபில்டர், பிறகு ஸ்பார்க் பிளக், பிறகு கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஒரு சனிக்கிழமை டேல் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பெட்ரோல் டேங்க்கின் மூடியைத் திருகி எடுத்தவர், அதற்கடியில் இருந்த பாலித்தீன் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்டார். அது எங்கள் ஊர் வழக்கம். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கக்கூடாது, பெட்ரோல் ஆவியாகக்கூடாது என்று பைக் டேங்க் மூடிக்கடியில் கவர்த் துண்டை வைத்து இறுக்குவோம். இந்த மூடியில் காற்றுப் போக ஓட்டை இருக்கிறது, அதை அடைத்தால் இன்ஜின் மூச்சடைத்து நிற்கும் என்று டேல் விளக்கினார். எங்களுக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று அன்று கேசரி கிண்டினேன். டேலுக்கும் ஒரு கிண்ணம் போனது.

அடுத்த வாரம் வண்டி மறுபடியும் நின்றது.

டேலுக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. தானே ஏறி உட்கார்ந்து, சரிவில் இறங்கி, மேப்பிளைச் சுற்றி, மேலே ஏறி வந்தார். ஒரு முக்கல் முனகல் இல்லை. “எனக்கு ஓடுகிறதே” என்றார். சாமுவேல் உட்கார்ந்தார். பாதிச் சரிவில் நின்றது. “நீ ஓட்டிப் பார்” என்று டேல் என்னிடம் சொன்னார். நான் அதுவரை அந்த வண்டியைத் தொட்டதில்லை. பயந்துகொண்டே ஏறினேன், ஒரு சுற்று முழுக்க ஓடியது. சாமுவேலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “வண்டிக்கு என்னைய மட்டும் பிடிக்கல” என்றார். நானும் சிரித்தேன். டேல் சிரிக்கவில்லை. சீட்டைத் தூக்கி அதனடியில் இருந்த சிறிய சுவிட்சை எங்களுக்குக் காட்டினார். ஆள் உட்கார்ந்திருந்தால் சீட் அமுங்கி அந்த சுவிட்ச் அழுந்தியிருக்கும். ஆள் விழுந்தாலோ எழுந்தாலோ சுவிட்ச் விடுபடும், கத்தி யாரையும் வெட்டிவிடாமல் இன்ஜின் உடனே அணையும். சீட்டின் ஸ்பிரிங் தன் எடைக்கு ஏற்ப வைத்தது, கொஞ்சம் கெட்டியானது என்றார். பிறகு சாமுவேலை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“நீ உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியவில்லை.”

நான்கு வருடமாக சாமுவேலின் எடை அதே சுவிட்சை அமுக்கிக்கொண்டுதான் இருந்தது. இதை அன்று டேல் யோசித்திருக்கிறார், அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் இந்த ஊரில் ஒருவரிடம் போய் ஏன் இப்படி மெலிந்துவிட்டாய் என்று கேட்க மாட்டார்கள். மெலிந்திருந்தால் பாராட்டுவார்கள். சாமுவேலின் தொழிற்சாலையில் பெண்கள்கூட, என்ன ரகசியம், எங்களுக்கும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சோற்றைக் குறைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். உண்மையில் சோறு இறங்கவில்லை. கேட்டால் வாயு என்பார். நானும் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பேன். நம் ஊரில் நெஞ்சில் வலித்தாலும் முதுகில் வலித்தாலும் முதலில் வாயுதானே.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோதே அது தொடங்கியிருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பிறந்த வீட்டில் விருந்து. மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று என் அம்மா இலையில் பால்கோவாவை அள்ளி வைத்தார். பழைய சாமுவேல் என்றால் இரண்டாம் தரம் கேட்டு வாங்குவார். அன்று விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு ஒதுக்கினார், சோற்றிலும் பாதி மீந்தது. அம்மா முகம் சுண்டிப்போய் என்னை அடுக்களைக்குள் இழுத்தார். “மாப்பிள்ளைக்கு எங்க மேல என்ன கோவம்? ஒந்தம்பி எதும் சொல்லிட்டானா?” என்றார். நாங்கள் ஊரிலிருந்து கிளம்பும்வரை அம்மாவுக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. மருமகன் சாப்பிடாமல் எழுந்தால் அதை மனத்தாங்கல் என்று நினைக்கத்தான் எங்களுக்குத் தெரியும். தம்பி பாவம், என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமலே பேருந்து நிலையத்தில் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். அவரும் அதெல்லாம் ஒன்றுமில்லை மாப்பிள்ளை என்று தோளில் தட்டினார். வயிற்றைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சுவிட்ச் கதை ஆசீர் காதுக்குப் போனது. வீடியோவில் சீட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னான். கடையில் பின்னால் யாரோ மோட்டாரைத் தட்டும் சத்தம் கேட்டது.

“அண்ணே, இதுக்காண்டியா ரெண்டு மாசமா முக்குதிய? ரெண்டு வயரு வருதுல்லா, வெட்டி ரெண்டையும் முறுக்கி டேப்ப சுத்திரு. நேரா குடுத்துட்டா பொறவு அது எங்க நிக்கப் போவுது?”

“டேல் புது சுவிட்சு வாங்கித் தாரேங்காருலே” என்றார் சாமுவேல்.

“புதுச போட்டாலும் அதே தொல்லைதான். நம்ம தோட்டத்து ஸ்டார்ட்டர மறந்துட்டியளா?”

அவர் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. மம்சாபுரத்துக்கு மேற்கே மாமனாருக்குத் தோட்டமும் கிணறும் இருந்தன. மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும், அது சில மணி நேரம்தான் வரும். மற்ற நேரத்தில் ஒரு முனை குறையும். அப்போது மோட்டார் ஓடினால் சூடேறிக் கருகிவிடும் என்பதற்காக ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு காப்பு இருக்கும், தானே தட்டிவிட்டு மோட்டாரை நிறுத்தும். எங்கள் பக்கத்தில் அதை யாரும் காப்பாக நினைத்ததில்லை. இடைஞ்சல் என்றுதான் பெயர். அதன் வயரை நேராக முறுக்கிவிடுவார்கள், அல்லது பெட்டியைத் திறந்து வேப்பங்குச்சியை முட்டுக் கொடுத்து, தட்டவே விடாமல் பண்ணிவிடுவார்கள். கல்யாணமான புதிதில் நான் தோட்டத்துக்குச் சோறு கொண்டு போன ஒரு மத்தியானம், மோட்டார் அறையிலிருந்து கருகிய வார்னிஷ் வாடை வந்தது. அறைக்குள் புகை. வேப்பங்குச்சி முட்டுக் கொடுத்தபடியே இருந்தது. மாமனார் தலையில் கட்டியிருந்த துண்டை உதறிவிட்டு, “மோட்டார்தான போச்சு, ஆசீர் கட்டிக் குடுத்துருவான்” என்றார். ஆசீரின் கடை பிழைப்பதே அப்படிக் கருகி வருகிற மோட்டார்களால்தான். தட்டிவிட்டால் சும்மா தட்டிவிடாது, உள்ளே எதோ கோளாறு இருக்கிறது என்பது அவனுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே நேராகக் கொடுத்து அனுப்புவான். வாடிக்கையாளர் கேட்பது அதைத்தான்.

அன்று மாலை நான்தான் டார்ச் பிடித்தேன். அவர் இரண்டு வயரையும் வெட்டினார், முறுக்கினார், கறுப்பு டேப்பைச் சுற்றினார். வண்டி ஓடியது. சரிவில் இறங்கியது, மேப்பிளைச் சுற்றியது, குலுங்கியது, நிற்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி எனக்கு ஆட்டினார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டேல், சரியாகிவிட்டதா என்று கேட்டார். சரிசெய்துவிட்டோம் என்றார் சாமுவேல். டேல் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். புது சுவிட்ச் போட்டோம் என்று அவர் எடுத்துக்கொண்டார். சரிசெய்வது என்றால் எங்களுக்கு ஓடவைப்பது, அவருக்கு நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவைப்பதும் சேர்த்துத்தான். அந்த வித்தியாசம் அன்று யாருக்கும் உறைக்கவில்லை.

அத்தை ராஜபாளையத்தில் ஸ்தோத்திரம் சொன்னார். மகனுடைய வண்டி நின்று நின்று போகிறது என்று ஆசீர் சொன்னதிலிருந்து அவர் தினமும் அதற்காகவும் ஜெபித்துவந்தார். “வண்டிக்குன்னு ஆண்டவர்ட்ட கேட்டது இதான் மொத தடவை” என்று சொல்லிச் சிரித்தார். பிறகு திரையில் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். “மொகம் ஏன்யா இப்பிடி ஒட்டிக் கெடக்கு?” என்றார். “ஆரம்பிச்சுட்டாங்க” என்று நான் மனதுக்குள் முணுமுணுத்தேன்.

அடுத்த சில வாரங்கள் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை. முன்பு இன்ஜின் நின்றால் ஜன்னலுக்கு வந்தவள், இப்போது நிற்காமல் ஓடும்போதும் வந்து வந்து பார்த்தேன். அவருடைய பேண்ட்டுகளை மடிக்கும்போது இடுப்பு பெல்ட்டில் ஆணியால் புதிதாகக் குத்திய ஓட்டைகளைப் பார்த்தேன். கடையில் போட்ட ஓட்டை வட்டமாக இருந்தது, அவர் போட்டவை பிய்ந்து நீண்டிருந்தன. டாக்டரிடம் போவோம் என்றேன். கோடை முடியட்டும், புல் அடங்கட்டும் என்றார். சண்டை போட்டேன். சரி, அடுத்த மாதம் என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. நான் தோசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக இன்ஜின் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. அந்தச் சத்தம் போகிற திசை மாறியதைக் காதுதான் முதலில் கண்டுபிடித்தது. எப்போதும் மேப்பிளிடம் போய்த் திரும்பும் சத்தம் திரும்பாமல் விலகிக்கொண்டே போனது. எட்டிப் பார்த்தேன். பட்டப்பகலில், நல்ல வெயிலில், வண்டி தன் பாட்டுக்கு நேராகப் புல்லை வெட்டிக்கொண்டு போனது. சீட்டில் ஆள் இல்லை.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. அவர் சரிவின் நடுவில் மயங்கிப் பக்கவாட்டில் கிடந்தார். முகம் இரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தது. ஒரு காலில் காலணி இருந்தது, இன்னொன்றில் இல்லை. அதைப் பிறகு டேல் துண்டு துண்டாகப் புல்லிலிருந்து பொறுக்கினார். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகாமல் போனது என்று இன்றைக்கும் புரியவில்லை. வண்டி டேலின் தக்காளிப் பாத்தியை வகுந்துகொண்டு போய், அவருடைய கொட்டகைச் சுவரில் முட்டி, சக்கரத்தால் மண்ணைத் தோண்டியபடி ஓடிக்கொண்டே இருந்தது. டேல் ஓடிவந்து சாவியைத் திருப்பினார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னவரும் அவர்தான். என் மடியில் எடுத்து வைத்த சாமுவேலின் தலை எவ்வளவு லேசாக இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவரைத் தொட்டுத் தூக்கி எத்தனை மாதம் ஆகியிருக்கும். என்னைவிட அவர் எடை குறைந்து போனது ஒரு ஸ்பிரிங்குக்குத் தெரிந்திருக்கிறது, பக்கத்தில் படுக்கிற எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்து, இவர் மெலிவதை முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார். மே மாதம் புல் வெட்டும் வண்டி நின்றது என்றேன். எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் அதே கேள்வியை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மறுபடி கேட்டார். நானும் அதே பதிலைத்தான் மறுபடி சொன்னேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கனிவாகக் கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வயிற்றில் கட்டி. அதன் பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. வெட்டி எடுப்பதற்கு முன்னால் மருந்து ஏற்றிச் சுருக்க வேண்டும், சுருங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். ஆசீரிடம் போனில் சொன்னேன். கடைச் சத்தம் மட்டும் கேட்டது. “நான்தான மதினி முறுக்கச் சொன்னேன்” என்றான் கடைசியில். முறுக்கியது நாங்கள் என்றேன். “மதுரைக்குக் கொண்டாந்துருங்க. நல்ல ஆஸ்பத்திரி இருக்கு, நாங்க அம்புட்டு பேரும் இருக்கோம். அங்க யாரு இருக்கா ஒங்களுக்கு?” என்றான். கேள்வி நியாயமானது. இங்கே அவர் வேலையோடு வரும் காப்பீடுதான் வைத்தியச் செலவைப் பார்க்கிறது. வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினால் அதுவும் போகும். இந்த உடம்போடு இப்போது விமானத்தில் ஏற்றக்கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இங்கே மருந்து இருக்கிறது, அங்கே ஆள் இருக்கிறது. இரண்டும் ஓரிடத்தில் எனக்கு வாய்க்கவில்லை.

சாமுவேல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அம்மாட்ட மட்டும் சொல்லாத. கேட்டா அன்னைக்கே சாப்பாட்ட நிறுத்திருவா. எனக்கு முன்னாடி அவ போயிருவா.” ஆசீரும் அதையே சொன்னான். அதனால் வீடியோவை நிறுத்தினோம். தலைமுடி கொட்டத் தொடங்கிய பிறகு அவர் குரலில் மட்டும் பேசினார். மருந்து ஏற்றிய வாரங்களில் குரலும் எழும்பாது. வேலையில் இருக்கிறார், ஷிப்ட் மாறியிருக்கிறது, தூங்குகிறார் என்று நான் அளந்தேன். அத்தை ஒவ்வொரு நாளும் அழைப்பார். “மொகத்தக் காட்டச் சொல்லு” என்பார். போன் கேமரா கெட்டுவிட்டது என்றேன். “ஒம் போன்ல காட்டு” என்பார். ஒரு நாள் நேரடியாகவே கேட்டார். “கிருபா, எம்புள்ள இருக்கானா?” இருக்கார் அத்தை என்றேன். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு அவர்மேல் இருந்த பழைய கோபம் ஒன்றுகூட மிச்சமில்லை.

புல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. டேல் வண்டியைக் கொண்டுபோய், முறுக்கிய வயரைப் பிரித்து, புது சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். டேப்பை அவிழ்த்தபோது, “சரிசெய்துவிட்டோம் என்றீர்களே” என்று மட்டும் கேட்டார். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் அதுதான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரே வெட்டித் தருகிறேன் என்றார். எனக்குச் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்பதால் வேண்டாம் என்றேன்.

போன சனிக்கிழமை காலை. மாடியில் ஜன்னலைச் சாத்திவிட்டு அவர் படுத்திருந்தார். இரவெல்லாம் வாந்தி, விடிந்த பிறகுதான் கண் அசந்திருந்தார். நான் வண்டியில் பாதிக்கு மேல் வெட்டியிருந்தபோது இயர்போனில் அழைப்பு வந்தது. அத்தை. எடுக்காவிட்டால் ஆசீரை விரட்டுவார். கத்தியை நிறுத்திவிட்டு, இன்ஜினைக் கொஞ்சம் அடக்கி ஓட்டியபடியே பேசினேன்.

“என்ன சத்தம் அது?”

“புல்லு வெட்டுற வண்டி அத்தை.”

பிறகு அத்தை குரல் வேறு மாதிரி வந்தது.

“நிக்காம ஓடுதே. அவந்தான ஓட்டுதான்?”

நான் பதில் சொல்லவில்லை. அத்தை பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. அவர் அழுகிறார் என்பது மூக்கை உறிஞ்சியபோதுதான் தெரிந்தது.

“நான் என்னென்னமோ நெனச்சுட்டேன் தாயி. ஏறி ஒக்காந்து ஓட்டுதான்னா தெம்பாத்தான் இருக்கான். கூப்புடாத, அவன் பாட்டுக்கு வெட்டட்டும். போன வச்சுராத. நான் செத்த நேரம் இந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

மாடி ஜன்னலைப் பார்த்தேன், அது சாத்தியபடி இருந்தது. காதுக்குள் ராஜபாளையத்தில் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அத்தையின் மூச்சு கேட்டது. கத்தியை மறுபடி ஓடவிட்டு, மீதி இருந்த புல்லையும் வெட்டி முடித்தேன். இறங்கினால் இன்ஜின் நின்றுவிடும். ஏற்கெனவே வெட்டிய புல்லின் மேலேயே வண்டியைத் திருப்பி, மறுபடியும் ஒரு சுற்று ஓட்டத் தொடங்கினேன்.